மிதிவண்டியைத் தொலைத்த நாடும் அதைத் தேடிய ஆசிரியர்களும்

(குறுவள மையக் கூட்டமொன்றில் தொடக்கநிலை, உயர்நிலை ஆசிரியர்களிடையே கருத்தாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று சைக்கிளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். சிரிக்கலாம். நம்மில் பெரும்பாலோர் குரங்கு பெடல் போட்டுப் பழகி, முட்டி சிராய்த்து, வாடகை சைக்கிளில் மணிக்கணக்குப் பார்த்து ஓட்டி வளர்ந்தவர்கள்தான். இன்று எல்லோரும் எதில் வந்தோம் என்று வெளியே நிற்கிற வண்டிகளைப் பார்த்தாலே தெரியும். நானும் பைக்கில்தான் வந்தேன். அதனால் யாருக்கும் உபதேசம் செய்ய எனக்குத் தகுதியில்லை. ஒரு கேள்வியைத்தான் கொண்டு வந்திருக்கிறேன்.

என் வகுப்பில் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அரசு தந்த விலையில்லா மிதிவண்டி அவளிடம் இருக்கிறது. வீடு 3 கிலோமீட்டர்தான். ஆனால் ஷேர் ஆட்டோவில் வருவாள். ஆட்டோ கிடைக்காத நாளில் முதல் பாடவேளை போய்விடும்; சில நாள் பள்ளியே போய்விடும். ஏனம்மா என்று கேட்டேன். "நடுவுல பைபாஸ் ரோடு வந்துடுச்சு சார். அதைத் தாண்ட முடியலை. அப்பா சைக்கிளைப் பூட்டி வெச்சுட்டார்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பார்த்துப் போம்மா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தப் பதில் எனக்கே உறுத்தியது. பார்த்துப் போவது அவள் பொறுப்பு என்றால், அந்தச் சாலை யார் பொறுப்பு? இந்தக் கேள்வியோடு தேடிப் படித்தபோது அமெரிக்காவின் கதை கிடைத்தது. கார் இல்லாமல் பால் பாக்கெட் கூட வாங்கப் போக முடியாத ஊர்கள் நிறைந்த நாடு என்றுதான் அதை நமக்குத் தெரியும். அந்த நாடும் ஒரு காலத்தில் சைக்கிள் நாடாகத்தான் இருந்தது. அது எப்படித் தொலைந்தது, அதை மீட்க யார் முயன்றார்கள் என்பதில் ஆசிரியர்களாகிய நமக்குப் பாடம் இருக்கிறது.

சைக்கிள் போட்ட சாலை

1890களில் அமெரிக்காவைச் சைக்கிள் மோகம் பிடித்து ஆட்டியது. இரண்டு சக்கரமும் ஒரே அளவுள்ள, காற்றடைத்த டயர் போட்ட வண்டி அப்போதுதான் வந்திருந்தது. ஆண்டுக்குப் பத்து லட்சம் அளவில் வண்டிகள் தயாராயின. பெண்கள் துணையில்லாமல் வெளியே போனார்கள். அதற்கேற்ப உடையே மாறியது.

ஆனால் சாலைகள் சேறும் புழுதியுமாக இருந்தன. 1880இல் தொடங்கப்பட்ட அமெரிக்கச் சைக்கிளோட்டிகள் சங்கம்தான் "நல்ல சாலை வேண்டும்" என்று ஊர் ஊராக இயக்கம் நடத்தியது. 1893இல் மத்திய அரசு சாலைகளுக்கென்று முதல்முறையாக ஓர் அலுவலகத்தை வேளாண்மைத் துறையின் கீழ் திறந்ததற்கு அந்த இயக்கம் ஒரு முக்கியக் காரணம். கார் வருவதற்கு முன்பே நல்ல சாலைக்குக் குரல் கொடுத்தவர்கள் சைக்கிள்காரர்கள்.

இன்னும் ஒன்று. 1896இல் ஹென்றி ஃபோர்டு செய்த முதல் வண்டியின் பெயர் "குவாட்ரிசைக்கிள்". நான்கு சைக்கிள் சக்கரங்களின் மீதுதான் அது ஓடியது. விமானம் செய்த ரைட் சகோதரர்கள் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். 1903இல் பறந்த அவர்களுடைய விமானத்தில் எஞ்சினிலிருந்து விசிறிக்கு விசையைக் கொண்டுபோனது சங்கிலிதான். காரும் விமானமும் சைக்கிள் பட்டறையில் தவழ்ந்த பிள்ளைகள். அறிவியல் ஆசிரியர்கள் வகுப்பில் இதைச் சொல்லிப் பாருங்கள். பற்சக்கரப் பாடம் தானாகவே நடக்கும்.

அன்றைக்கு விளையாட்டிலும் சைக்கிளுக்குப் பெரிய இடம் இருந்தது. நகரங்களில் தனி ஓடுதளங்கள் கட்டிப் போட்டிகள் நடத்தினார்கள். இந்தியானாபொலிஸில் 1878இல் பிறந்த மேஜர் டெய்லர் என்ற கறுப்பினச் சிறுவன் ஒரு சைக்கிள் கடை வாசலில் வித்தை காட்டிக்கொண்டிருந்தவன். அவனே 1899இல் மான்ட்ரியலில் குறுந்தொலைவு ஓட்டத்தில் உலக சாம்பியனானான். நல்ல சாலைக்குப் போராடிய அதே சங்கம்தான் 1894இல் கறுப்பினத்தவர் உறுப்பினராக முடியாது என்று விதி எழுதியது. சாலை எல்லோருக்கும் என்று பேசியவர்களுக்கே "எல்லோரும்" யார் என்பதில் குழப்பம் இருந்தது. இதை மறைக்காமல் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாதை பறிபோன கதை

பிறகு கார் வந்தது. 1908இல் ஃபோர்டின் மாடல் டி வந்தபின் விலை குறைந்துகொண்டே போனது. 1920களில் நகரத் தெருக்களில் கார்கள் பெருகின. தெருவில் விளையாடிய குழந்தைகள் நிறைய இறந்தார்கள். முதலில் மக்களின் கோபம் கார் மீதுதான் இருந்தது. தெரு எல்லோருக்கும் பொது, வேகமாக வருபவனே குற்றவாளி என்றுதான் நினைத்தார்கள்.

அந்த எண்ணம் மாறியதில் பள்ளிக்கும் பங்கு உண்டு. கார் உரிமையாளர் சங்கங்கள் பள்ளிகளுக்குப் பாதுகாப்புப் பாடங்களும் சுவரொட்டிகளும் கொடுத்தன. 1920 முதல் இடுப்பில் பட்டை கட்டிய மாணவர் காவல் அணிகள் தெருமுனைகளில் நின்றன. அந்த அணிகள் உயிர்களைக் காப்பாற்றின என்பதில் ஐயமில்லை. ஆனால் கூடவே இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தன: தெரு காருக்குரியது, நீ ஒதுங்கிப் போ, அடிபட்டால் நீ கவனிக்காததுதான் காரணம். ஒரு தலைமுறை இதைப் பாடமாகப் படித்து வளர்ந்தது. சாலைப் பாதுகாப்பு வாரத்தில் நாம் எடுக்க வைக்கிற உறுதிமொழிகளை நினைத்துப் பாருங்கள். ஓரமாகப் போவேன், இருபுறமும் பார்ப்பேன், கவனமாக இருப்பேன். எல்லாமே குழந்தை செய்ய வேண்டியவை. நான் சொன்ன "பார்த்துப் போம்மா" எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அடுத்து 1956. அந்த ஆண்டுச் சட்டத்தின்படி சுமார் 66,000 கிலோமீட்டர் நீளத்துக்கு விரைவு நெடுஞ்சாலைகள் திட்டமிடப்பட்டன. வீடுகள் நகரை விட்டு வெளியே நகர்ந்தன. பள்ளிகளும் நகர்ந்தன. 1939-40இல் 1,17,000க்கு மேல் இருந்த பள்ளி மாவட்டங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு 1970-71இல் 18,000க்கும் கீழே வந்தன. நடந்து போகிற தொலைவில் இருந்த சின்னப் பள்ளிகளின் இடத்தில், ஊருக்கு வெளியே, பெரிய மைதானமும் அதைவிடப் பெரிய வண்டி நிறுத்துமிடமும் கொண்ட வளாகங்கள் எழுந்தன. வசதி கூடியது, வழி நீண்டது.

விளைவைப் பாருங்கள். 1969இல் எட்டாம் வகுப்பு வரையிலான அமெரிக்கக் குழந்தைகளில் சுமார் 48 விழுக்காட்டினர் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போனார்கள். 2009இல் அது 13 விழுக்காடு. சரி, தொலைவு கூடியதால்தானே என்று கேட்கலாம். பள்ளியிலிருந்து ஒரு மைலுக்குள், அதாவது 1.6 கிலோமீட்டருக்குள் வசிக்கும் குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவர்களிலும் 1969இல் பத்தில் ஒன்பது பேர் நடந்தோ சைக்கிளிலோ போனார்கள். 2009இல் மூன்றில் ஒருவர்தான். ஆகவே தொலைவு மட்டும் காரணமில்லை. அச்சமும் காரணம்.

இந்த அச்சம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். பள்ளி வாசலில் வண்டிகள் நெரிகின்றன. அதைப் பார்த்த தாய் தன் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்பப் பயந்து காரில் கொண்டுவந்து விடுகிறார். வாசலில் இன்னொரு கார் கூடுகிறது. அதைப் பார்த்து இன்னொரு தாய் பயப்படுகிறார். நம் பள்ளி வாசலில் காலை 9 மணிக்கு நின்று பாருங்கள். காருக்குப் பதில் பைக், ஆட்டோ, வேன். மற்றபடி அதே கதைதான்.

இதற்குள் சைக்கிள் அமெரிக்காவில் என்ன ஆயிற்று? அழிந்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாக மாறியது. காரின் கூரையில் சைக்கிளைக் கட்டி, ஐம்பது கிலோமீட்டர் காரில் போய், காட்டில் இறக்கி ஓட்டிவிட்டு, மறுபடி காரில் கட்டிக்கொண்டு வருவார்கள். விளையாட்டில் அந்த நாடு வென்றுகொண்டேயிருந்தது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான சைக்கிள் பந்தயம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது தங்கமும் வெள்ளியும் அமெரிக்கப் பெண்களுக்கே. 1986இல் கிரெக் லெமாண்ட் பிரான்ஸ் சுற்றுப் போட்டியை வென்ற முதல் அமெரிக்கர் ஆனார். பதக்கம் வாங்கத் தெரிந்த நாட்டில், ஒரு குழந்தை தெருமுனைப் பள்ளிக்குச் சைக்கிளில் போக முடியவில்லை.

ஒரு கணித ஆசிரியர், ஓர் உடற்கல்வி ஆசிரியர்

இனிதான் நம் கதை. 1998இல் கலிபோர்னியாவின் பெர்க்லி உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர் ஒருவர் சைக்கிள் அணி தொடங்கலாம் என்று பள்ளியில் அறிவிப்பு ஒட்டினார். சாலைப் பந்தயம் என்று நினைத்துத்தான் ஒட்டினார். வந்த மாணவர்களிடம் இருந்ததோ மலைப்பாதையில் ஓட்டுகிற சைக்கிள்கள். சரி, அதுவே ஆகட்டும் என்றார். அந்தச் சின்ன அணி 2001இல் வடக்குக் கலிபோர்னியப் பள்ளிகளுக்கான போட்டித் தொடராகவும், 2009இல் நாடு தழுவிய அமைப்பாகவும் வளர்ந்தது.

அதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. பெஞ்சில் உட்காரவைக்கப்படும் பிள்ளை என்று யாரும் கிடையாது. கால்பந்தில் 11 பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். இங்கே பயிற்சிக்கு வந்த எல்லோரும் போட்டியில் ஓட்டலாம். கடைசியாக வருபவரும் கோட்டைத் தாண்டித்தான் வருகிறார். நம் விளையாட்டு விழாவில் ஒரே பத்துப் பிள்ளைகள் எல்லாப் பரிசையும் வாங்க, 300 பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்திருப்பதை நினைத்துக்கொண்டேன்.

இரண்டாமவர் ஆரிகன் மாநிலம் போர்ட்லாந்தில் ஒரு தொடக்கப்பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2022 ஏப்ரலில் "சைக்கிள் பேருந்து" ஒன்றைத் தொடங்கினார். பேருந்து எதுவும் இல்லை. காலையில் குறித்த நேரத்தில், குறித்த தெருக்கள் வழியே அவர் சைக்கிளில் வருவார். வழியில் பிள்ளைகள் தங்கள் நிறுத்தத்தில் சேர்ந்துகொள்வார்கள். பெற்றோர் சிலர் முன்னும் பின்னும் ஓட்டுவார்கள். சிறு கூட்டமாகத் தொடங்கியது நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளாகப் பெருகியது. தனியாக ஒரு குழந்தை போனால் காருக்குத் தெரியாது. நூறு குழந்தைகள் போனால் காரே நின்றுதான் ஆக வேண்டும். 2023இல் அம்மாநிலச் சட்டமன்றம், பள்ளிப் போக்குவரத்துக்கான நிதியை இதுபோன்ற ஏற்பாடுகளுக்கும் செலவிடலாம் என்று சட்டம் இயற்றியது. ஒரு உடற்கல்வி ஆசிரியரின் புதன்கிழமைக் காலை சட்டமாக மாறிய கதை இது.

இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. கலிபோர்னியாவைச் சேர்ந்த பீட்டர் ஜேக்கப்சன் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பல ஊர்களின் கணக்கை ஒப்பிட்டு, நடப்பவரும் சைக்கிளில் போவோரும் கூடும்போது ஒவ்வொருவருக்கும் உள்ள விபத்து வாய்ப்பு குறைகிறது என்று காட்டினார். எண்ணிக்கையே ஒரு காப்பு.

ஆனால் கூட்டம் மட்டும் போதாது, பாதையும் வேண்டும். கலிபோர்னியாவின் டேவிஸ் நகரம் 1967லேயே சாலையில் சைக்கிளுக்கென்று தனித் தடம் வரைந்தது. அந்த நாட்டில் அதுவே முதல். பெரிய சாலைகளின் கீழே சுரங்கப்பாதை, குடியிருப்புகளுக்கு நடுவே பசுமை வழி என்று போட்டுக்கொண்டே வந்தார்கள். 2005இல் மத்திய அரசு "பள்ளிக்குப் பாதுகாப்பான வழி" என்ற திட்டத்துக்கு 61.2 கோடி டாலர் ஒதுக்கியது. ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்கென ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும் என்றும் விதித்தது. இந்த எண்ணத்தின் மூலம் அமெரிக்காவில்கூட இல்லை. 1970களில் டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் தொடங்கியது.

இன்று சைக்கிள் நாடு என்று புகழப்படும் நெதர்லாந்தும் பிறக்கும்போதே அப்படிப் பிறக்கவில்லை. அங்கும் கார்கள் பெருகி, 1971இல் மட்டும் சாலையில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர்கள் "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பெயரிலேயே இயக்கம் தொடங்கித் தெருவில் உட்கார்ந்தார்கள். அவர்கள் பிள்ளைகளிடம் "பார்த்துப் போ" என்று சொல்லவில்லை. அரசிடம் "சாலையை மாற்று" என்று சொன்னார்கள். இன்று அந்நாட்டுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் சாலையில் சைக்கிள் ஓட்டிக் காட்டித் தேர்வும் எழுதுகிறார்கள். பயிற்சியும் உண்டு, பாதையும் உண்டு. இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

நம் கையில் இருப்பது

நம்மிடம் இல்லாதது என்ன என்று புலம்புவதைவிட, இருப்பதை எண்ணிப் பார்ப்போம். அமெரிக்காவில் பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கித் தருவது பெற்றோர் பாடு. இங்கே பதினொன்றாம் வகுப்புக்கு அரசே தருகிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் பழகிய கிராமத்துப் பெண்கள் ஏராளம். பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் தரத் தொடங்கியபின் அந்த வயதுப் பெண்களின் சேர்க்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது என்று பொருளியல் ஆய்வு சொல்கிறது. சைக்கிள் என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தந்த சைக்கிள் ஓடுகிறதா, பூட்டிக் கிடக்கிறதா என்பதைத்தான் நாம் பார்ப்பதில்லை.

அதனால் சில வேலைகளைச் சொல்கிறேன். நிதி வேண்டாத வேலைகள்.

ஒன்று, வகுப்பில் கணக்கெடுங்கள். யார் எதில் வருகிறார்கள், எவ்வளவு தூரம், சைக்கிள் இருந்தும் ஓட்டாதவர் யார், ஏன்? ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே பட்டை வரைபடமாகப் போட்டுவிடுவார்கள்.

இரண்டு, வழியை வரையச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து பள்ளிவரை ஒரு வரைபடம். பயமான இடத்தில் சிவப்புப் புள்ளி. எல்லா வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பல புள்ளிகள் ஒரே இடத்தில் விழும். அந்த இடம்தான் நம் வேலை.

மூன்று, வேகத்தைக் கணக்குப் பாடமாக நடத்துங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடியில் 8 மீட்டருக்குச் சற்று மேல் நகரும். 60இல் வந்தால் கிட்டத்தட்ட 17 மீட்டர். ஓட்டுநர் பிள்ளையைப் பார்த்துப் பிரேக்கில் கால் வைப்பதற்குள் ஏறக்குறைய மூன்று வகுப்பறை நீளம் போய்விடும். வேகம் இரு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. பள்ளிப் பகுதியில் வேகத்தடை ஏன் வேண்டும் என்று அதற்குமேல் யாருக்கும் விளக்க வேண்டாம்.

நான்கு, அந்தக் கணக்கையும் வரைபடத்தையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துத் தீர்மானம் போடுங்கள். ஊராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் அனுப்புங்கள். "விபத்து அபாயம் உள்ளது" என்று எழுதும் மனுவைவிட, "84 பிள்ளைகள் இந்த இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறார்கள்" என்று எழுதும் மனு கனமானது.

ஐந்து, உடற்கல்வி ஆசிரியர்களுக்கு. அண்ணா பிறந்தநாளையொட்டி நடக்கும் சைக்கிள் போட்டி 13, 15, 17 வயதுப் பிரிவுகளில் நடக்கிறது. சாதாரண சைக்கிளே போதும். தினமும் ஆறு கிலோமீட்டர் ஓட்டுகிற கிராமத்துப் பிள்ளை, தான் ஒரு விளையாட்டு வீரர் என்றே அறியாமல் பயிற்சி செய்துகொண்டிருக்கிறார். அவரிடம் அதைச் சொல்லுங்கள்.

ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆகவேதான் எல்லோரையும் நாளைக்கே சைக்கிளில் வரச் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெற்றோர் சம்மதமும், உடன் வர இரண்டு பெரியவர்களும், ஆபத்தில்லாத ஒரு தெருவும் கிடைத்தால் வாரத்தில் ஒரு நாள் தொடங்கலாம். கிடைக்காத இடத்தில் முதலில் சாலையைக் கேட்போம். பெண் பிள்ளைகளைப் பற்றிய அச்சமும் உண்மையானது. அவர்கள் ஐந்து பேராக, பத்துப் பேராகச் சேர்ந்து போகும் ஏற்பாடு அதற்கு ஒரு பகுதி விடை.

என் மாணவிக்கு என்ன ஆயிற்று என்று சொல்லி முடிக்கிறேன். எங்கள் பள்ளிப் பிள்ளைகளும் வரைபடம் போட்டார்கள். புள்ளிகள் எல்லாம் அந்தப் புறவழிச்சாலையில்தான் விழுந்தன. மனு கொடுத்தோம், மூன்று முறை. இப்போது காலையிலும் மாலையிலும் முக்கால் மணி நேரம் ஒரு காவலர் அங்கே நிற்கிறார். வேகத்தடை இன்னும் வரவில்லை. நான்காவது மனு என் பையில் இருக்கிறது. அவளுடைய அப்பா காவலர் நிற்கிறாரா என்று நாலு நாள் வந்து பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஏழு பேர் சேர்ந்து வருகிறார்கள். முதல் பாடவேளை என்னுடையதுதான். மணி அடிக்கும்போது அவள் இடத்தில் இருக்கிறாள்.